குவியலின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி

மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் அறுவடை தொடங்கிவிட்டால் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் அதிகம் காதில் விழும் கேள்வி, “ஈரம் எவ்வளவு காட்டுது?” என்பதுதான். மீட்டரில் 17-க்குள் வந்தால் மூட்டை பிடிப்பார்கள். 18 வந்தால், “இன்னொரு வெயில் காயட்டும்ணே, நாளைக்குப் பார்ப்போம்” என்று பதில் வரும். நாலு மாதப் பாடு இந்த வாரமே பணமாகுமா, இல்லை இன்னும் சில நாள் களத்தில் படுதா போர்த்திக் காவல் கிடக்க வேண்டுமா என்பதை அந்த ஓர் எண் முடிவு செய்துவிடுகிறது.

அந்த எண் எப்படி வருகிறது, அதற்குப் பின்னால் என்னென்ன பார்க்கிறார்கள், எந்த இடத்தில் தவறு நடக்க வாய்ப்பு அதிகம் என்பதை நெல் கொண்டுபோகிறவர்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. இன்று களத்தில் தேறும் நெல்தான் சில மாதம் கழித்து ரேஷன் கடையில் அரிசியாக வருகிறது.

முதலில் வாங்குவது யார் என்று பார்த்துவிடலாம். 1972-ல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்தான் இந்த நிலையங்களை நடத்துகிறது. 2002 அக்டோபரிலிருந்து பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறை இங்கே நடைமுறையில் இருக்கிறது. அதாவது மாநிலமே நெல்லை வாங்கி, அரைத்து, பொது விநியோகத்துக்கு எடுத்துக்கொள்ளும். செலவை மத்திய அரசு கணக்குப் பார்த்துத் தரும். பணம் மத்திய அரசினுடையது என்பதால் தர அளவுகோலையும் அதுவே வகுக்கிறது. 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389. மாநில அரசின் ஊக்கத்தொகை 131, 156 ரூபாய் சேர்ந்து, விவசாயி கைக்கு வந்தது 2,500, 2,545. நாற்பது கிலோ சிப்பம் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் சாதாரண ரகம் சரியாக ஆயிரம் ரூபாய்.

மதுரைச் சமவெளியில் ஈரம் இவ்வளவு பெரிய பிரச்சினையாவதற்குக் காரணம் தண்ணீர் வரும் காலம். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். அதற்கு அப்பால் மேலூர், திருமங்கலம் பகுதிகளில் 1,05,002 ஏக்கர் ஒருபோக நிலம். ஜூனில் தண்ணீர் திறந்தால் இருபோகப் பகுதியின் முதல் போகம் செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வந்து, நேராக வடகிழக்குப் பருவமழையின் வாயில் போய் விழும். ஒருபோக நெல் ஜனவரி, பிப்ரவரியில் வரும். அப்போது மழை இல்லாவிட்டாலும் தை, மாசிப் பனி இருக்கிறது. இன்னொரு காரணம் அறுவடை இயந்திரம். கையால் அறுத்த காலத்தில் அரி வயலிலேயே கிடந்து காய்ந்து, கட்டாகிக் களத்துக்கு வந்து, அடித்துத் தூற்றும்போதே ஈரம் பாதி போயிருக்கும். இப்போது பெல்ட் வண்டி காலையில் வயலில் இறங்கினால் மதியத்துக்குள் நெல் டிராக்டரில் ஏறிவிடுகிறது. இருபதுக்கு மேல் ஈரத்தோடு வரும் நெல், அடுத்து வெயிலைப் பார்ப்பது கொள்முதல் நிலையத்தின் வாசலில்தான்.

சரி, எதையெல்லாம் பார்க்கிறார்கள்? ஈரம் 17 சதவீதம் வரை. மண், கல், தூசி போன்றவை 1 சதவீதம் வரை. வைக்கோல் துண்டு, பதர், களை விதை போன்றவை இன்னொரு 1 சதவீதம் வரை. சேதமடைந்த, நிறம் மாறிய, முளைவிட்ட, வண்டு துளைத்த மணிகள் எல்லாம் சேர்த்து 5. முற்றாத, சுருங்கிய மணிகள் 3. சன்ன ரகத்தில் தாழ்ந்த ரகக் கலப்பு 6. இவை எல்லாமே எடை சதவீதம், மணிகளின் எண்ணிக்கை அல்ல. ரகம் பிரிப்பது மணியின் நீளத்தை அகலத்தால் வகுத்து: இரண்டரையும் அதற்கு மேலும் வந்தால் சன்னம், குறைந்தால் சாதாரணம். விதைக் கடையில் என்ன பெயர் சொல்லி விற்றார்கள் என்பது இங்கே கணக்கில் வராது. குவிண்டாலுக்கு 45 ரூபாய் வித்தியாசம் என்பதால் இதை அளந்து பார்ப்பது நல்லது. பத்து மணியை நுனியோடு நுனி வரிசையாக வைத்து நீளத்தையும், பக்கம் பக்கமாக அடுக்கி அகலத்தையும் பள்ளிக்கூட ஸ்கேலிலேயே அளந்துவிடலாம்.

இந்தப் பட்டியலில் 17 மட்டும் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? நெல்லை மாதக்கணக்கில் கெடாமல் வைக்க ஈரம் 14 வாக்கில் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஈரம் இருந்தால் குவியல் உள்ளுக்குள் சூடாகும், பூஞ்சை பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். சீக்கிரம் ஆலைக்குப் போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் வாசலில் 17 வரை விடுகிறார்கள். பணக்கணக்கும் இருக்கிறது. 17 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 83 கிலோ. அது 14-க்குக் காய்ந்தால் எடை 96.5 கிலோவாகும். அதே 100 கிலோ 20 சதவீத ஈரத்தோடு வந்திருந்தால் 14-க்குக் காயும்போது 93 கிலோதான் மிஞ்சும். ஒரு குவிண்டாலில் மூன்றரை கிலோ வித்தியாசம், வெறும் தண்ணீரில். ஆலைக்காரர் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி, பச்சரிசியானால் 67 கிலோ திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தண்ணீரை அரைத்து அரிசி எடுக்க முடியாது.

மழை அடித்துவிட்டால் மாநில அரசு தளர்வு கேட்கும். மத்தியக் குழு வரும், நிலையம் நிலையமாக மாதிரி எடுக்கும், ஆய்வகத்துக்கு அனுப்பும், அதன் பிறகு உத்தரவு வரும். 2022 அக்டோபரில் 22 கேட்டு 19 வரை கிடைத்தது. குழு வந்து போய் உத்தரவு கையில் கிடைப்பதற்குள் குவியலில் முளை விட்டுவிடுகிறது என்பதுதான் விவசாயிகளின் ஆதங்கம். எனக்கும் அது முழுக்க நியாயமாகவே படுகிறது. அக்டோபரில் மழை பெய்யும் என்பது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. தளர்வு எப்போது, எந்த அளவுக்கு, எவ்வளவு விலைக் குறைப்போடு என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட முடியும்.

இப்போது மீட்டருக்கு வருவோம். அது ஈரத்தை எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஈர நெல்லில் மின்சாரம் நடந்துகொள்ளும் விதம் ஒன்று, காய்ந்த நெல்லில் வேறொன்று. அந்த வித்தியாசத்தை அளந்து, உள்ளே ஏற்கெனவே பதிந்திருக்கும் கணக்கோடு ஒப்பிட்டு ஒரு சதவீதத்தைக் காட்டுகிறது. உண்மையான சோதனை என்பது ஆய்வகத்தில் நெல்லைப் பொடித்து, ஓவனில் உலர்த்தி, எவ்வளவு எடை குறைந்தது என்று பார்ப்பது. மீட்டர் அந்தச் சோதனையோடு அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட வேண்டிய கருவி. வேறு தானியத்துக்கு வைத்த அமைப்பில் நெல்லைப் போட்டாலோ, வெயிலில் கொதிக்கும் நெல்லை ஆறவிடாமல் போட்டாலோ, பேட்டரி இறங்கியிருந்தாலோ எண் மாறும்.

“நேத்து சாயங்காலம் 16.8 காட்டுச்சு, இன்னைக்குக் காலையில 18 காட்டுது, ஏமாத்துறாங்க” என்ற சண்டையைப் பல களங்களில் பார்க்கலாம். பனியோ தூறலோ பட்டிருந்தால் ஈரம் ஏறத்தான் செய்யும். ஆனால் படுதா போட்டு மூடி வைத்திருந்தாலும் இது நடக்கும். நல்ல வெயிலில் நெல்லின் மேல்தோல் வேகமாகக் காய்கிறது, நடு அரிசியில் ஈரம் அப்படியே நிற்கிறது. மாலையில் மீட்டரில் போட்டால் தோலின் வறட்சியே தூக்கலாகத் தெரியும். இரவு முழுக்கக் குவித்து வைத்தால் உள்ளே இருந்த ஈரம் மெல்ல வெளியே பரவி, மணி முழுக்கச் சமமாகும். காலையில் காட்டுவதுதான் நிஜ ஈரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். ஆகவே, மெல்லிசாகப் பரப்பி, அரை மணிக்கு ஒருதரம் காலால் உழுது கிளறி, மாலையில் குவித்து மூடி, மறுநாளும் ஒரு காய்ச்சல் காயவிட்ட பிறகு கொண்டுபோவதே பாதுகாப்பு. ரோட்டில் காயவைத்தால் ஈரம் போகும், ஆனால் கல்லும் மண்ணும் சேர்ந்து அந்த 1 சதவீதத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

மீட்டரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என் கணிப்பில் நியாயமும் அநியாயமும் அதற்கு ஒரு படி முன்பே தீர்மானமாகிவிடுகின்றன: எந்த நெல் மீட்டருக்குள் போகிறது என்ற இடத்தில். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானையில் சரி. கொதிக்கும் தண்ணீரில் எல்லா அரிசியும் புரண்டு புரண்டு ஒரே சூட்டில் வேகிறது. நெல் குவியல் அப்படி இல்லை. மேல் ஓரம் வெயிலில் காய்ந்து கிடக்கும், அடி தரையின் ஈரத்தை வாங்கியிருக்கும், நடு வேக்காடாகப் புழுங்கிக்கொண்டிருக்கும். தூற்றிய குவியலில் கனத்த மணி ஒரு பக்கமும் கருக்காய் இன்னொரு பக்கமும் ஒதுங்கியிருக்கும். மேலிருந்து ஒரு கை அள்ளினால் 16, அடியிலிருந்து அள்ளினால் 19. இரண்டுமே பொய்யில்லை, இரண்டுமே அந்தக் குவியலின் அளவும் இல்லை. விற்கிறவர் மேலிருந்து எடுக்கச் சொல்வார். வாங்குகிறவருக்கு மனமில்லாவிட்டால் அடியில் கைவிடுவார்.

சரியான முறை சுலபமானது. குவியலைச் சுற்றி நாலு பக்கமும், உச்சியும், நடுவும், அடியும் என்று பல இடங்களில் ஒவ்வொரு கைப்பிடி. மூட்டையாக இருந்தால் வாயைப் பிரித்து அள்ளக் கூடாது. குத்தூசியை மூட்டைக்குள் குத்தி உள்ளிருந்து எடுக்க வேண்டும், வரிசையின் முன்னால் தெரியும் மூட்டைகளில் மட்டுமல்லாமல் உள்ளே அடுக்கியவற்றிலும். எடுத்ததையெல்லாம் ஒரு சாக்கின் மேல் கொட்டி நன்றாகக் கலந்து, அடை போலத் தட்டிப் பரப்பி, கையால் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டு நாலாகப் பிரிக்க வேண்டும். எதிரெதிர்க் கால் பாகங்கள் இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் குவியலிலேயே போட்டுவிடலாம். மீண்டும் கலந்து, மீண்டும் நாலாக்கி, தேவையான அளவு வரும்வரை குறைக்க வேண்டும். மிஞ்சுகிற சிறு நெல்தான் அந்தக் குவியலுக்காகப் பேசத் தகுதியுள்ளது. அதிலிருந்து மூன்று தரம் மீட்டரில் போட்டுச் சராசரி எடுத்தால் சண்டையில் பாதி அடங்கிவிடும். நேரம் என்று பார்த்தால் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்.

மற்றவை எல்லாம் கண்ணும் கையும். நூறு கிராம் நெல்லைத் தட்டில் பரப்பிப் பொறுக்கிப் பாருங்கள். ரகத்தைப் பொறுத்து ஆயிரம் மணி 15 முதல் 25 கிராம் வரை எடை இருக்கும், ஆக அந்தத் தட்டில் நாலாயிரத்திலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் மணி இருக்கிறது. நுனி வெளுத்துச் சப்பிப்போனவை ஒரு பக்கம், தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தவை ஒரு பக்கம், முளை எட்டிப் பார்ப்பவை ஒரு பக்கம், வைக்கோலும் பதரும் ஒரு பக்கம். கண்ணுக்குக் கருக்காய் நிறையத் தெரியும், ஆனால் அது கனக்காது. ஒரு சிட்டிகை மண் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் தராசில் ஒரு கிராமைத் தொட்டுவிடும். அதனால்தான் “பார்த்தாலே தெரியுதே, இவ்வளவு கருக்காய்” என்று கண்ணாலேயே தள்ளிவிடுவது சரியல்ல. கிராம் காட்டும் சின்னத் தராசில் வைத்துத்தான் பேச வேண்டும். தூற்றும் இயந்திரத்தில் ஒருமுறை விட்டு எடுத்தாலே பதரும் தூசியும் பெரும்பாலும் போய்விடும். முற்றாத மணியும் நிறம் மாறியதும் அப்படிப் போகாது. அவை வயலிலேயே நடந்து முடிந்தவை.

இதே மதுரையில் இன்னொரு அரசுக் கொள்முதல் நடக்கிறது, அதன் தரச் சோதனை வேறு மாதிரி. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குகிறது. மாவட்டக் கிடங்குகளில், மதுரைக் கிடங்கு உட்பட, சரக்கு வந்து இறங்கியதும் யாருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ரகசியக் குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அறிக்கை வரும்வரை சரக்கு ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். சோதிக்கிறவருக்கு இது யார் தயாரித்த மாத்திரை என்று தெரியாது. தெரியாததால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடமில்லை. பல மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன.

நெல் களத்தில் பெயரை மறைக்க முடியாது. குவியலின் பக்கத்திலேயே அதன் சொந்தக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார். மறைக்க முடியாத இடத்தில் எல்லாவற்றையும் திறந்து வைப்பது ஒன்றுதான் வழி. மாதிரி எடுப்பதை அவர் பார்க்க வேண்டும், மீட்டரின் எண் அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், தராசின் எண்ணும் அப்படியே.

தராசு என்றதும் எடைக்கு வந்துவிட வேண்டும், ஏனென்றால் இங்கேயும் பேச்சு ஈரத்தில்தான் போய் நிற்கிறது. சிப்பத்துக்கு நாற்பது கிலோ நெல், அதோடு சாக்கின் எடை. சணல் சாக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலே வரும். அதற்கும் மேல் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ சேர்த்துப் பிடிக்கிறார்கள் என்ற புகார் தமிழ்நாடு முழுக்கப் பல ஆண்டுகளாக இருக்கிறது. காரணத்தைக் கணக்கில் பாருங்கள். 17 சதவீத ஈரத்தில் பிடித்த நாற்பது கிலோ, லாரி வராமல் திறந்தவெளியில் கிடந்து 15-க்குக் காய்ந்தால் 39 கிலோ சொச்சம். கிட்டத்தட்ட ஒரு கிலோ காற்றோடு போய்விட்டது. சேமிப்பில் குறையும் எடையைத் தங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பது நிலையங்களின் பருவகாலப் பணியாளர்களுடைய நீண்டநாள் குறை. அவர்களில் ஒருவரான பட்டியல் எழுத்தர் அந்தப் பயத்தில் விவசாயியிடம் முன்கூட்டியே பிடித்துவிடுகிறார். நூறு சிப்பம் போடுகிறவருக்குச் சிப்பத்துக்கு ஒரு கிலோ என்றால் 2,500 ரூபாய் போகிறது. இயல்பாகக் காய்ந்து குறைவதை யார் கணக்கில் எழுதுவது என்று மேலே முடிவெடுக்க வேண்டியதைக் களத்தில் இருக்கும் இரண்டு எளிய மனிதர்கள் மோதித் தீர்த்துக்கொள்கிறார்கள். பிடித்த நெல்லை இரண்டொரு நாளில் லாரி ஏற்றிவிட்டாலே இந்த ஒரு கிலோ பேச்சு பெருமளவு எழாது.

கீழமாசி வீதியில் பருப்பு, மிளகாய் மொத்தமாக வாங்கும் சின்னக் கடைக்காரருக்கும் விடுதி மெஸ் நடத்துகிறவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, முன்பே பார்க்காத சரக்கு வந்து இறங்கும்போது அதைப் பரிசோதிக்க வாங்குகிறவருக்கு நியாயமான வாய்ப்புத் தரப்பட வேண்டும். ஆனால் நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். சாம்பிள் காட்டி விற்றிருந்தால், மொத்தச் சரக்கும் அந்தச் சாம்பிளின் தரத்தில் இருக்க வேண்டும். ஆகவே காட்டிய சாம்பிளில் ஒரு பொட்டலம் கட்டி, தேதி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய அன்றே நடு மூட்டையைப் பிரித்துப் பாருங்கள்.

மறுபடி நெல்லுக்கு. நிலையத்தில் உங்கள் நெல்லைத் தள்ளிவிட்டால், முதலில் எதற்காக என்று கேளுங்கள்: ஈரமா, மண்ணா, நிறமா. ஈரம் என்றால் எண்ணைக் கேட்டு, தேதியும் நேரமும் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு இடங்களிலிருந்து மாதிரி எடுத்துக் கலந்து, உங்கள் எதிரில் மீண்டும் போடச் சொல்லுங்கள். பதர் என்றால் தூற்றித் தரலாம், ஈரம் என்றால் காயவைத்துத் தரலாம்; தள்ளியது நிரந்தரத் தீர்ப்பு அல்ல. ஒத்துவராவிட்டால் மதுரையில் இருக்கும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல மேலாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். குறித்து வைத்த எண்ணும் நேரமும் அங்கேதான் உதவும்.

நிலையங்கள் தரப்பில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. தள்ளிய ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு துண்டுச் சீட்டு: பார்த்த நேரம், மாதிரி எடுத்த இடங்கள், மீட்டர் காட்டிய மூன்று எண்கள், எழுத்தரின் கையெழுத்து. பஸ் டிக்கெட் அளவுத் தாள் போதும்.